பழைய வானொலியும் கேட்கும் செவியும்



இந்த வாரச் சிந்தனைக்கு எடுத்துக்கொண்டுள்ள பொருள் உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். பழைய வானொலிப் பெட்டிகளைத் தேடிப்பிடித்துச் சேகரிக்கின்றவர்களைக் குறித்து எழுத விரும்புகிறேன். இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நம் சபைகளிலேயே இத்தகையவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், மின்வாரிய ஊழியர், தையற்கடை வைத்திருப்பவர் என்று பலரை நான் அறிவேன். காயலான் கடைகளில் எடைக்குப் போட்ட பெட்டியை விலை கொடுத்து மீட்டுவந்து, தூசி தட்டி, மாதக்கணக்கில் உழைத்து, அதிலிருந்து ஒரு குரலை வரவழைத்துவிட்டுக் குழந்தையைப்போல மகிழ்கிறவர்கள் இவர்கள். என் வீட்டிலும் நான்கு பெட்டிகள் இருக்கின்றன. ஆகவே வெளியே நின்று தீர்ப்புச் சொல்லுகிறவனாக நான் இதை எழுதவில்லை.

கையடக்கத் தொலைபேசியில் உலகத்தின் எல்லா நிலையங்களையும் கேட்கக்கூடிய இக்காலத்தில், பத்துக் கிலோ எடையுள்ள ஒரு மரப்பெட்டிக்கு என்ன மதிப்பு? அதைச் சேகரிப்பது நல்ல காரியமா, வீண் காரியமா? பொருள்களின்மேல் நமக்கிருக்கும் பற்றைச் சோதித்துப்பார்க்க இது ஏற்ற கேள்வி என்று எண்ணுகிறேன்.

நம் ஊருக்கு வந்த குரல்

ஒரு பொருளின் மதிப்பை அறிய வேண்டுமானால் அது எந்த வழியாக நம்மிடம் வந்தது என்பதை அறிய வேண்டும். இந்தியாவில் வானொலியின் தொடக்கக் கதையில் நம் சென்னைக்கு முன்வரிசையில் இடமுண்டு. 1924ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கே 'மதராஸ் மாகாண ரேடியோ கிளப்' தொடங்கப்பட்டது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் அதன் முன்னோடி. அவ்வாண்டு ஜூலை இறுதியில் ஒலிபரப்பும் தொடங்கிற்று. பணத் தட்டுப்பாட்டால் 1927இல் அந்தச் சங்கம் ஓய்ந்துபோயிற்று. ஆனால் அதன் ஒலிபரப்புக் கருவி வீணாகவில்லை. சென்னை மாநகராட்சி அதை ஏற்று 1930இல் மீண்டும் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1936இல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயர் வந்தது. 1938 ஜூன் மாதத்தில் அதன் சென்னை நிலையமும், 1939 மே மாதத்தில் திருச்சி நிலையமும் பிறந்தன.

கடலுக்கு அப்பால் கொழும்பிலோ 1925 டிசம்பர் மாதத்திலேயே ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிவிட்டது. அங்கே நடந்த முதல் சோதனைகளுக்கு, போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிப் பாகங்களைத் தந்தித் துறையினர் பயன்படுத்தினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அழிவுக்கென்று செய்யப்பட்டதன் உறுப்புகள் பாட்டுக்கும் செய்திக்கும் பயன்பட்டன.

பிற்காலத்தில் 'இலங்கை வானொலி' தமிழ்நாட்டு வீடுகளில் பெற்ற இடத்தை ஐம்பது வயதைக் கடந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1952இல் மத்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில் நம் வானொலியில் திரைப்படப் பாடல்கள் ஒதுக்கப்பட்டபோது, மக்கள் தங்கள் பெட்டியின் முள்ளைக் கொழும்பை நோக்கித் திருப்பிவிட்டார்கள். 1957 அக்டோபரில் 'விவித் பாரதி' பிறப்பதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் முகத்தைக் காணாமலேயே அவர்களைக் குடும்பத்தில் ஒருவராக ஏற்றுக்கொண்ட தலைமுறை அது.

அந்நாட்களில் வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் தபால் நிலையத்திற்குச் சென்று பணம் கட்டி, சிறு புத்தகத்தில் முத்திரை பெற்றுவர வேண்டும். மின்சாரம் எட்டாத கிராமங்களில் 90 வோல்ட் உலர் மின்கல அடுக்கை வைத்துப் பெட்டியை இயக்கினார்கள். மின்கலம் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தினால் செய்திக்கு மட்டும் திறந்து, முடிந்தவுடன் மூடிவிடுவார்கள். பெட்டி ஒருவருடையதுதான், ஆனால் கேட்டவர்கள் தெருவார் அனைவரும். சேகரிக்கின்றவர் ஒரு பெட்டியைத் தூக்கிவரும்போது, திண்ணையில் கூடி உட்கார்ந்த அந்த மனிதர்களின் நினைவையும் சேர்த்தே தூக்கிவருகிறார். எனவே, பெட்டியோடு பழைய உரிமப் புத்தகமும் கிடைத்தால் அதை எறிந்துவிடாதீர்கள். எந்த ஊரில், எந்தக் குடும்பத்தில் அது பேசிற்று என்பதற்கு அதுவே சாட்சி.

உள்ளே இருப்பது என்ன?

இப்பெட்டிகள் மனதை இழுப்பதற்கு நினைவுகள் மட்டும் காரணமல்ல. நினைவே காரணமாயின், அக்காலத்தைக் காணாத இளைஞர்கள் இவற்றை நாடமாட்டார்கள். நான் அறிந்த சேகரிப்பாளர்களில் இருவர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள்.

வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதன் ஈர்ப்பு விளங்கும். அதனுள் மறைவு என்பது இல்லை. ஒவ்வொரு வால்வும் தனித்தனியே நிற்கிறது. அதன் எண் கண்ணாடியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை விரலால் தொடர்ந்து போகலாம். பழுதுபட்ட உறுப்பை மட்டும் கழற்றி, வேறொன்றை ஈயப்பற்று வைத்துவிடலாம். இன்றைய கருவிகளில் ஒன்று கெட்டால் முழுவதையும் எறிந்துவிடுகிறோம். அன்றைய கருவிகளோ பழுதுபடும் என்பதை அறிந்தே, பழுதுபார்க்க வசதியாகச் செய்யப்பட்டன.

அது வேலைசெய்யும் விதமும் அழகானது. வானத்தில் ஒரே நேரத்தில் எத்தனையோ நிலையங்களின் அலைகள் பரவியிருக்கின்றன. ஏரியல் எல்லாவற்றையும் வேறுபாடின்றிப் பிடிக்கிறது. நீங்கள் குமிழைத் திருப்பும்போது அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் இசைவாகப் பெட்டி தன்னை மாற்றிக்கொள்கிறது. பெட்டிக்குள்ளேயே ஓர் அலை உண்டாக்கப்பட்டு, வந்த அலையோடு கலக்கப்படுகிறது. இவ்விதமாக எந்த நிலையத்தைத் தேர்ந்தாலும் அது பெரும்பாலான பெட்டிகளில் ஏறக்குறைய 455 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைக்கு மாற்றப்பட்டு, படிப்படியாகப் பெருக்கப்பட்டு, கடைசியில் ஒலியாகிறது. 1918இல் அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் வகுத்த இம்முறையே பின்னர் உலகெங்கும் நிலைபெற்றது. ஏரியலை வந்தடையும் ஆற்றல் மிக மிகச் சிறியது. ஒரு பெரிய அறை நிறையப் பாடும் அந்தக் குரல், அறைக்குள் நுழையும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கிறது.

அடுத்து, காத்திருத்தல். வால்வு ரேடியோவைத் திறந்தவுடன் அது பேசாது. உள்ளே இழைகள் செந்நிறமாகச் சூடேற அரை நிமிடமாவது ஆகும். முதலில் டயல் விளக்கு எரியும். பின்பு மெல்லிய இரைச்சல். அதன்பின் தூரத்திலிருந்து நடந்துவருவதைப்போலக் குரல். சில பெட்டிகளில் 'மேஜிக் ஐ' என்னும் பச்சைக் கண் இருக்கும். நிலையம் சரியாகப் பொருந்தப் பொருந்த அதன் நிழல் ஒடுங்கும். எல்லாம் நொடியில் கிடைக்கும் உலகத்தில் வளர்ந்த இளைஞர் ஒருவர் என்னிடம், "ஐயா, அந்த முப்பது வினாடிதான் எனக்குப் பிடிக்கும்" என்றார். நான் அவரிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஜெபத்தில் உட்கார்ந்த முதல் முப்பது வினாடியிலேயே எழுந்துவிடுகிற நம்மில் பலருக்கு அதன் பொருள் புரிய வேண்டும்.

டயல் கண்ணாடியைக் குறித்தும் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பெட்டிகளில் லண்டன், பாரிஸ், ஹில்வெர்சம், லக்சம்பர்க் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். நம் நாட்டில் விற்கப்பட்ட பெட்டிகள் சிலவற்றில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ், சிலோன் என்ற பெயர்களைக் காணலாம். தன் ஊரின் எல்லையைத் தாண்டியிராத ஒருவர், ஒரு விரலசைவில் இத்தனை ஊர்களையும் கடந்துபோனார். அந்தக் கண்ணாடிதான் பல பிள்ளைகளுக்கு முதல் பூகோளப் பாடம்.

ஒரே பெட்டி, இருவேறு ஊழியம்

ஆயினும் பழையது என்பதனாலேயே ஒரு பொருள் புனிதமாகிவிடுவதில்லை. சேகரிப்பாளர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் தேடும் பெட்டிகளில் ஒன்று ஜெர்மனியின் 'மக்கள் வானொலி'. 1933 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அது அறிமுகமாயிற்று. விலை 76 மார்க். அக்காலத்து மற்றப் பெட்டிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஏழையின் வீட்டுக்கும் வானொலி போய்ச் சேர வேண்டும் என்பது கேட்பதற்கு நல்ல நோக்கமாகவே இருக்கிறது. ஆனால் அதன் மாதிரி எண் 301. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஜனவரி 30ஆம் நாளைக் குறிக்கவே அந்த எண். ஒரே ஒரு மனிதனின் குரல் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டும் என்பதே அந்த மலிவு விலையின் இரகசியம். 1939 செப்டம்பர் 1ஆம் நாள் போர் தொடங்கியபோது, அந்நிய நிலையங்களைக் கேட்பதே குற்றமாக்கப்பட்டது. கேட்டதைப் பிறரிடம் பரப்பியவர்களுக்கு மரணதண்டனை வரை விதிக்க இடமிருந்தது.

இந்தக் கதையில் ஒரு போதகரும் வருகிறார். ஹிட்லர் பதவியேற்று இரண்டே நாட்களில், 1933 பிப்ரவரி 1ஆம் நாள், டீட்ரிக் போன்ஹோஃபர் பெர்லின் வானொலியில் உரையாற்றினார். அப்போது அவருக்கு வயது 26. தலைவன் தன்னையே தெய்வமாக்கிக்கொண்டால் மக்களைத் தவறான வழியில் நடத்துகிறவனாகிவிடுவான் என்பது அவ்வுரையின் கருத்து. உரை முடிவதற்குள் ஒலிபரப்பு நின்றுபோயிற்று. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அவருடைய கடைசி வாக்கியங்கள் போய்ச் சேரவில்லை. பின்னர் 1945 ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஹாலந்து தேசத்தில் ஹார்லம் நகரத்துக் கடிகாரக்காரர் குடும்பமான டென் பூம் வீட்டாரையும் நினைவுகூருகிறேன். ஆக்கிரமிப்பாளர்கள் வானொலிப் பெட்டிகளை ஒப்படைக்குமாறு ஆணையிட்டபோது, அவர்கள் வீட்டில் இரண்டு இருந்தன. ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றை மாடிப்படியின் அடியில் மறைத்து வைத்தார்கள். யூதர்களை ஒளித்து வைத்த அதே வீடுதான் அது. மறைந்திருந்து கேட்கின்றவர்களுக்கு அந்தப் பெட்டி, இருள் உலகம் முழுவதையும் மூடிவிடவில்லை என்பதற்கு அடையாளமாயிருந்தது.

அதே காலம், ஏறக்குறைய ஒரே தொழில்நுட்பம். ஒரு பெட்டி அடிமைப்படுத்திற்று. ஒரு பெட்டி நம்பிக்கை கொடுத்தது. வால்வுகளுக்கும் கம்பிகளுக்கும் இதில் பங்கில்லை. அந்தப் பக்கத்தில் பேசினவன் யார், இந்தப் பக்கத்தில் கேட்டவன் எதற்குச் செவிகொடுத்தான் என்பதே வேறுபாடு.

திருச்சபையும் இக்கருவியின் பயனைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கல்வாரி ஆலயத்தின் மாலை ஆராதனை 1921 ஜனவரி 2ஆம் நாள் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. 1931 பிப்ரவரியில் மார்க்கோனியே முன்னின்று அமைத்த வத்திக்கான் வானொலி பேசத் தொடங்கியது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் எக்குவடோர் நாட்டின் கீட்டோ நகரத்தில் ஒரு மிஷனெரி வானொலி பிறந்தது. நம் தமிழ் மக்களுக்கோ செஷல்ஸ் தீவிலிருந்தும், இலங்கையின் புத்தளத்திலிருந்தும், மணிலாவின் வேரித்தாஸ் வானொலியிலிருந்தும் குரல்கள் வந்தன. ஆலயமே இல்லாத கிராமத்தில், இரைச்சலுக்கு நடுவே ஏறி இறங்கும் ஒரு சத்தத்திற்குக் காதைக் கூர்மையாக்கி உட்கார்ந்திருந்தவர்களை நான் என் ஊழியத்தின் தொடக்கக் காலத்தில் சந்தித்திருக்கிறேன். விசுவாசம் கேள்வியினால் வரும் என்ற பவுலின் போதனையை நாங்கள் செமினரியில் கிரேக்கச் சொல்லோடு படித்தோம். அவர்கள் அதைச் சிற்றலையில் படித்தார்கள்.

சேகரிப்பா, பதுக்கலா?

இனி, உள்ளத்தைத் தொடும் பகுதிக்கு வருகிறேன். இருவருடைய சம்மதத்தையும் பெற்று, ஊரையும் பேரையும் நீக்கி இதை எழுதுகிறேன்.

நான் அறிந்த ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரின் துணைவியார் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஐயா, எங்க வீட்டுல இருபத்திரண்டு ரேடியோ இருக்கு. ஒரு பெட்டியும் பேசாது. அவரும் பேசமாட்டார்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் அழுதார்.

அவர்களுடைய ஒரே மகன் சில ஆண்டுகளுக்கு முன் விபத்தொன்றில் இறந்துபோனான். அடக்க ஆராதனையை நடத்தியவன் நான். அதற்குப்பின் அந்த மனிதர் பழைய பெட்டிகளை வாங்கத் தொடங்கினார். காரைக்குடிக்குப் போவார், முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் நாள் முழுவதும் நிற்பார், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து ஒன்றைத் தூக்கிவருவார். மாடியறையில் அடுக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். கீழே மனைவி தனியாக இருப்பார்.

நான் அவரைக் கடிந்துகொள்ளப் போகவில்லை. மாடிக்கு ஏறிச்சென்று, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாகக் காட்டச் சொன்னேன். எது எங்கே கிடைத்தது, எதில் எந்த வால்வு இல்லை என்றெல்லாம் விரிவாகச் சொன்னார். அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டு நெடுநாளாயிற்று. கடைசியில், "இதுல எத்தனை அண்ணே பாடும்?" என்று கேட்டேன். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "மூணு" என்றார். பின்பு அவராகவே, "சரி பண்ண உட்கார்ந்தா கை ஓடலை ஐயா. வாங்கும்போது மட்டும் கொஞ்சம் லேசா இருக்கு" என்றார்.

வாசகரே, பதுக்கலின் வேர் எப்போதும் பேராசை என்று நாம் நினைத்துவிடுகிறோம். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் உவமையைச் சொல்லிப் பிரசங்கித்துவிடுகிறோம். சிலருடைய களஞ்சியத்திலோ தானியத்திற்குப் பதில் துக்கம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அவர்களிடம் உவமையைச் சொல்லுமுன் மாடிப்படி ஏறிப் பார்க்க வேண்டும்.

அவரிடம் இரண்டு காரியங்களை மட்டும் வேண்டிக்கொண்டேன். ஒரு பெட்டி பாடும்வரைக்கும் அடுத்ததை வாங்க வேண்டாம் என்பது முதலாவது. பழுதுபார்க்கும் வேலையை மாடியறையில் அல்ல, கீழே கூடத்தில் வைத்துச் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மாதத்திற்குப்பின் ஒரு பெட்டி கீழே வந்தது. அதன் ஸ்பீக்கருக்கு முன்னால் போட்டிருந்த துணி எலி கடித்துக் கந்தலாகியிருந்தது. அந்த அம்மாள் தையல் அறிந்தவர். பொருத்தமான துணியைத் தேடி, இழுத்துத் தைத்துக் கொடுத்தார். டயல் முள்ளை நகர்த்தும் மெல்லிய நூலைச் சக்கரங்களின் வழியே சுற்றுவது கடினமான வேலை; கணவரின் நடுங்கும் விரல்களுக்கு அது வசப்படவில்லை; அதையும் அவரே செய்தார். வேலைக்கு நடுவே மகனைக் குறித்து முதன்முறையாக இருவரும் பேசிக்கொண்டார்களாம்.

இன்று அந்த வீட்டில் எட்டுப் பெட்டிகள்தான் இருக்கின்றன. மற்றவை, சரிசெய்யத் தெரிந்த பிறரிடம் போய்விட்டன. "எனக்கு இப்பவும் ரேடியோ பிடிக்காது ஐயா" என்கிறார் அந்த அம்மாள். துக்கமும் அவர்களைவிட்டு நீங்கிவிடவில்லை. ஆனால் அதைச் சுமக்க இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இதிலிருந்து நான் சில சோதனைக் கேள்விகளை எனக்கென்றே எழுதி வைத்திருக்கிறேன். வானொலி மட்டுமல்ல, புத்தகமோ, புடவையோ, நாணயமோ, எதைச் சேர்ப்பவர்களுக்கும் இவை பொருந்தும்.

முதலாவது: நான் சேர்க்கும் பொருள் என் பராமரிப்பில் நலமடைகிறதா, அல்லது என்னிடம் வந்தபின்பும் பாழாகிறதா?

இரண்டாவது: இது என்னை மனிதரிடம் கொண்டுசெல்கிறதா, மனிதரிடமிருந்து ஒளித்து வைக்கிறதா?

மூன்றாவது: இதற்காகச் செலவிடும் பணத்தை என் வீட்டார் முன் மறைக்காமல் சொல்ல முடியுமா?

நான்காவது: நாளைக்கு இதை ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால், என் கை திறக்குமா?

சேகரிக்க விரும்புகிறவர்களுக்கு

இதில் ஆர்வங்கொண்ட இளைஞர்களுக்கு அனுபவத்திலிருந்து சில ஆலோசனைகள்.

பல ஆண்டுகள் மூலையில் கிடந்த பெட்டியை வாங்கிவந்தவுடன் மின்சாரத்தில் மாட்டாதீர்கள். உள்ளேயிருக்கும் மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள் காலப்போக்கில் கசியத் தொடங்கியிருக்கும். அப்படியே மின்சாரம் கொடுத்தால் விலையுயர்ந்த வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் கருகிப்போகும். முதலில் அந்தக் கண்டென்சர்களை மாற்றி, பின்பு ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்துச் சோதிப்பதே பழுதுபார்ப்பவர்களின் வழக்கம். உள்ளே குறுக்குப் பாய்ச்சல் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து எச்சரித்துவிடும், பெட்டி தப்பும்.

உயிருக்கும் கவனம் தேவை. வால்வு ரேடியோவுக்குள் 250 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்பும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும்படி செய்யப்பட்ட பெட்டிகளில், உலோகச் சட்டமே நேரடியாக மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அவற்றைத் திறக்க வேண்டாம். நம் ஊர்களில் இன்னும் சில முதிய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். அவர்களுடைய விரலில் உள்ள அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும்.

பெட்டியின் மேற்பூச்சைச் சுரண்டிப் புதிதாக்க அவசரப்படாதீர்கள். யாரோ ஒருவரின் கைபட்டுத் தேய்ந்த குமிழைப் புதுக்குமிழால் மாற்றிவிட்டால், அந்தக் கையின் அடையாளமும் போய்விடும். தேர்ந்த சேகரிப்பாளர்கள் சிலர், புதிய கண்டென்சரைப் பழையதன் காகிதக் கூட்டுக்குள்ளேயே ஒளித்துப் பொருத்துகிறார்கள். வேலையும் நடக்கிறது, தோற்றமும் மாறுவதில்லை. முன்னோர் செய்ததை மதிக்கும் பணிவு அதில் இருக்கிறது.

பேசுவோர் குறைந்த காலத்தில்

பிரியமானவர்களே, இப்பெட்டிகளுக்கு வந்திருக்கும் பெரிய ஆபத்து துருவுமல்ல, எலியுமல்ல. கேட்பதற்குரிய நிலையங்களே ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. ஜெர்மனியின் பொது ஒலிபரப்பாளர்கள் மத்திய அலையை 2015ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் நாள் சிற்றலையிலிருந்து விடைபெற்றது. நூறாண்டுப் பெட்டி நன்றாக வேலைசெய்கிறது. டயலில் எழுதிய ஊர்களிலிருந்துதான் பதில் இல்லை. சிலர் வீட்டுக்குள்ளேயே சிறு ஒலிபரப்புக் கருவியை வைத்து, பழைய பாடல்களைப் பழைய பெட்டிக்கு அனுப்பிக் கேட்கிறார்கள்.

அப்படியானால் இவற்றைச் சேர்ப்பது வீணா? இல்லை என்றே நினைக்கிறேன். கேட்பதற்கென்று ஒரு நேரமும் ஓர் இடமும் ஒதுக்கிய மனிதர்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்பதை இப்பெட்டிகள் நமக்கு நினைவூட்டுகின்றன. அவர்கள் நகர்ந்துகொண்டே கேட்கவில்லை. வேறொன்றைப் பார்த்துக்கொண்டே கேட்கவில்லை. இரைச்சலின் நடுவில் ஒரு குரலைப் பிரித்தறியப் பொறுமையாய்க் குமிழைத் திருப்பினார்கள். ஓரேபிலே எலியா காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் அல்ல, மெல்லிய சத்தத்தில்தான் கர்த்தரைக் கண்டுகொண்டான். அதற்கு அவன் அங்கே காத்து நிற்க வேண்டியிருந்தது.

நம் வீடுகளில் இன்று குரல்களுக்குக் குறைவில்லை. செவிகளுக்குத்தான் குறைவு. முதிய தகப்பன் அதே கதையை மூன்றாம் முறை சொல்லும்போது தொலைபேசியைத் தடவுகிறோம். மனைவியின் மெளனத்தை அமைதி என்று தவறாகக் கணக்கிடுகிறோம். பிள்ளையின் சுருக்கமான பதிலுக்குப் பின்னாலுள்ள நடுக்கத்தை நாம் பிடிப்பதில்லை. அலை வருகிறது, நாம் இசைவாகத் திருப்பப்படாமல் இருக்கிறோம்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய வானொலியைக் கேட்டு வளர்ந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் போய், "உங்க வீட்டுக்கு முதல் ரேடியோ எப்ப வந்துச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அரைமணி நேரம் வேறொன்றும் செய்யாமல் உட்கார்ந்திருங்கள். சூடேறுவதற்குச் சற்று நேரமாகலாம், பொறுத்திருங்கள்.

செவியை உண்டாக்கின தேவன், கேட்கின்ற இருதயத்தை உங்களுக்கும் எனக்கும் தந்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.